கோபு ஏன் தாமதமாகச் சேர்ந்தான்

கணக்குப் புத்தகத்தில் வருகிற ஆட்களைப் பற்றி வம்பு பேசிய ஒருத்தியை எனக்குத் தெரியும். ஆரணி கொசப்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, எட்டு ஆட்கள் ஒரு வேலையை முடிக்கிற விஷயத்தை அடுத்த தெரு விவகாரம் மாதிரி பேசுவாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை டீச்சர் என்றாள். இத்தனைக்கும் நான் அவளைவிட ஆறு வயது சின்னவள்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் அரசாங்க குமாஸ்தா வேலைக்கான பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பழக்கமானது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். அடுத்தடுத்த மெஷின். அவளுக்கு விரல் பறக்கும். தமிழ், இங்கிலீஷ், பொது அறிவு எல்லாம் தண்ணி பட்ட பாடு. கணக்கில்தான் சறுக்குவாள். அதிலும் விகிதம், ஆளும் நாளும், கூட்டு வியாபாரம் என்று மனிதர்கள் வருகிற கணக்கு என்றால் போச்சு. ஏற்கெனவே எழுதிய பரிட்சைகள் எல்லாம் அந்தப் பகுதியால்தான் கைவிட்டுப் போயிருந்தன.

எனக்கோ கணக்கு என்றால் அல்வா. சேவூரில் கூலிக்கு நாற்று நடுகிற குடும்பத்துப் பெண் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தால் எவ்வளவு திமிர் இருக்கும்? அவ்வளவும் எனக்கு இருந்தது. இங்கிலீஷ்தான் எனக்கு உதைக்கும். ஆகவே அவள் எனக்கு இங்கிலீஷ், நான் அவளுக்குக் கணக்கு என்று பேசி முடித்தோம்.

முதல் நாள் அவர்கள் வீட்டு வாசலில் நான் தயங்கி நின்றேன். எங்கள் தெருப் பெண் அந்த வீட்டுக் கூடத்தில் போய் உட்காருவது அன்றைக்கு நாலு பேர் பேசக்கூடிய சமாச்சாரம். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, அடுப்படியைப் பார்த்துச் சத்தமாக, "அண்ணி, கணக்கு டீச்சர் வந்துட்டாங்க!" என்றாள். டீச்சர் என்று சொல்லிவிட்ட பிறகு யார் என்ன கேட்பது? அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் அண்ணன் தறிக்குழியில் காலை விட்டபடி எனக்குத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நான் டீச்சர்.

பெற்றோர் போன பிறகு அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தாள். தறிக்கு வேண்டிய ஊடை நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு கை ராட்டையைச் சுற்றும், கண் மடியில் இருக்கிற புத்தகத்தில் இருக்கும். அப்படித்தான் படித்தாள்.

முதல் கணக்கே பால்காரன் கணக்கு. முப்பது லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் ஐந்துக்கு ஒன்று. ஐந்துக்கு இரண்டு என்று ஆக்க இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? இருபத்தைந்து லிட்டர் பால், ஐந்து லிட்டர் தண்ணீர், ஆகவே இன்னும் ஐந்து லிட்டர் என்று நான் மளமளவென்று போட்டுக் காட்டினேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டாள்.

"ஏற்கெனவே அஞ்சு லிட்டர் ஊத்திட்டானா?"

"ஆமாக்கா."

"அது போதலன்னு இன்னும் அஞ்சு லிட்டரா? அதுக்கு நாம கணக்கு போட்டு வேற குடுக்கணுமா? நல்லா இருக்குடி நியாயம்! அவன் பால வாங்கி எவ கொழந்தைக்கு குடுக்கறாளோ!"

அண்ணன் தறியை நிறுத்தாமலே, "அதான, நம்ம தெருவுக்கு ஊத்தறவனும் அவன்தான் போலகீது" என்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இது ஒரு நாள் கூத்து என்று நினைத்தேன். தினமும் இதே கதைதான். கூட்டு வியாபாரக் கணக்கில் ராமு, சோமு, கோபு மூன்று பேர். ராமுவும் சோமுவும் வருஷ ஆரம்பத்தில் முதல் போடுவார்கள், கோபு நான்கு மாதம் கழித்து வந்து சேருவான். லாபத்தை எப்படிப் பிரிப்பது? இவ்வளவுதான் கேள்வி. அவளுக்கு அது பிரச்சினையே இல்லை. கோபு ஏன் தாமதமாகச் சேர்ந்தான் என்பதுதான் அவள் பிரச்சினை.

"யாவாரம் நல்லா போவுதா இல்லியான்னு நாலு மாசம் ஓரமா நின்னு பாத்திருக்கான். சூடு பிடிச்ச ஒடனே வந்து ஒட்டிக்கினான். இவனுக்கு எதுக்கு லாபம்?"

"அக்கா, அவன் போட்ட முதல எட்டு மாசத்தால பெருக்கு. அவ்வளவுதான்."

"பெருக்கறேன். ஆனா சோமு அப்பாவிடி. இந்த கோபுவ நம்பி கெட்டுப்போவப் போறான் பாரு."

அடுத்த பக்கத்தில் பார்த்தால் தாமதமாகச் சேர்ந்தவன் சோமு. "பாத்தியா? கோபுகிட்ட கத்துக்கினான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சிரிப்பும் வந்து தொலைத்தது, அதுதான் பேஜார்.

பன்னிரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள், பாதியில் நான்கு பேர் விலகுகிறார்கள் என்றால் விடை வர அரை மணி நேரமாகும். ஏன் விலகினார்கள்? மேஸ்திரியோடு சண்டையா? இல்லை, சேத்துப்பட்டு பக்கம் ஏதாவது கல்யாணமா? கல்யாணம் என்றால் ரெண்டு நாளில் திரும்பி வந்துவிடுவார்களே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? தாயும் மகளும் வருகிற வயதுக் கணக்கு ஒன்று உண்டு. இருவர் வயதும் சேர்ந்து ஐம்பத்தாறு, விகிதம் ஒன்பதுக்கு ஐந்து. அவள் சரியாகவே போட்டாள். தாய்க்கு முப்பத்தாறு, மகளுக்கு இருபது. போட்டுவிட்டு அந்த விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரெக்ட்டுக்கா. அடுத்தது போலாமா?"

"பதினாறு வயசுல பெத்திருக்கா டீச்சர். பாவம்."

அதற்குமேல் அன்றைக்கு ஒரு கணக்கும் நடக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அமாவாசை. அந்தத் தெருவில் அமாவாசை அன்று தறியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அன்றைக்கு மட்டும்தான் அங்கே காக்கா கத்துவது காதில் விழும். எட்டு நெசவாளர்கள் ஒரு வேலையை நாற்பத்தைந்து நாளில் முடித்தால் ஆறு நெசவாளர்களுக்கு எத்தனை நாள் என்று ஒரு கணக்கு வந்தது. எட்டை நாற்பத்தைந்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் அறுபது. சின்னப்பிள்ளைகூடப் போடும். அவள் அறுபத்திரண்டு என்று எழுதி நீட்டினாள்.

"ரெண்டு எங்கேருந்துக்கா வந்துச்சு?"

"ரெண்டு மாசம்ல? ரெண்டு அமாவாச."

"கணக்குல அமாவாச கெடையாது!"

"அப்போ அவங்க நெசவுக்காரங்களே கெடையாது."

தறியிலிருந்து அண்ணன், "சரியாத்தான சொல்லுது" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? அமாவாசைக்கு முதல் நாள் வேலை ஆரம்பித்திருந்தால் மூன்று அமாவாசை வந்துவிடும் என்றார். அவள், அமாவாசைக்கு முதல் நாள் எவன் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவான் என்றாள். அண்ணனும் தங்கையும் அதைப் பற்றி உண்மையாகவே சண்டை போட ஆரம்பித்தார்கள். அடுப்படியிலிருந்து அண்ணி வேறு வந்து, பெரியம்மா வீட்டில் அப்படித்தான் ஏற்றினார்கள் என்று சாட்சி சொன்னாள்.

நான் எழுந்துவிட்டேன். "இந்த ஜென்மத்துல நீ பாஸ் பண்ண மாட்டக்கா. எனக்கு என் பொழப்பு கீது. நான் வரல இனிமே" என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன். நான் அப்படித்தான். கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், நான் பின்னால் ஓடுவேன்.

மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. அம்மா கழனியிலிருந்து அப்போதுதான் திரும்பிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "நாத்து நட அஞ்சு பேரு போனா நாலு நாள் ஆவுதுன்னா, பத்து பேரு போனா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுமா அம்மா?" என்றாள்.

"எங்க முடியும்? பத்து பொம்பளைங்க சேந்தா பேச்சுலயே பாதி நாள் பூடும்" என்றாள் அம்மா.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது.

"டீச்சர், எனக்கு இதுதான் கடைசி. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், எழுத விட மாட்டாங்க. அண்ணன் தங்கமானவன். அண்ணியும் கெட்டவங்க இல்ல. ஆனா இன்னொருத்தர் வீட்டுல, நல்லவளாவே இருந்துகினு, அப்டியே கெழவியாவ எனக்கு இஷ்டம் இல்லடி. நானா சம்பாதிச்சு நானா பொழைக்கணும். விட்டுட்டுப் போவாத."

அதுவரை அவள் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் விளையாடவே இல்லை. எட்டு ஆட்கள் என்று படித்தால் அவள் கண்ணுக்கு எட்டு முகம் தெரிந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

"சரிக்கா, அவங்க எல்லாம் மனுஷங்கதான்னே வெச்சிக்கலாம். பரிட்சை முடியற வரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுக்கினு போவச் சொல்லேன்" என்றேன், ஏதோ வாய்க்கு வந்ததை.

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் அந்த ஆட்களிடம் முணுமுணுவென்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். "கோச்சிக்காதீங்கப்பா, கல்யாணத்துக்கு அப்பறமா போலாம்." "அம்மா, நீ பதினாறு வயசுல பெத்தன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." "டேய் கோபு, ஒனக்கு சேர வேண்டியத எடுத்துக்கினு ஓடு." சொல்லி முடித்ததும் பென்சில் ஓடும், விடை சரியாக வந்து விழும். நான் அசந்து போனேன். முப்பது கணக்கு கொடுத்தால் இருபத்தெட்டு சரி. தப்பாகிற இரண்டும் அவளுக்கு மன்னிப்புக் கேட்க மனசு வராத கணக்குகளாக இருக்கும். பால்காரனிடம் கடைசி வரைக்கும் அவள் கேட்கவில்லை.

பரிட்சை வேலூரில். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். வெவ்வேறு அறை. கேள்வித்தாளில் பாதிக்கு மேல் வந்தபோது அந்தக் கணக்கு இருந்தது. பத்து நெசவாளர்கள் ஒரு வேலையை இருபத்தொரு நாட்களில் முடித்தால், ஏழு நெசவாளர்கள் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்? கீழே நான்கு விடை, ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்தைந்து. ஐயோ, அக்கா மாட்டிக்கொண்டாளே! நெசவுக்காரர்களையே கொண்டுவந்து வைத்திருக்கிறானே பாவி, அதிலும் முப்பத்தொன்று வேறு இருக்கிறதே! அவளை நினைத்துப் பதறிக்கொண்டேதான் மற்ற கணக்குகளைப் போட்டு முடித்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் எனக்காக நின்றிருந்தாள். ஓடிப்போய், "அந்த நெசவுக்காரங்க கணக்கு இன்னாக்கா பண்ண?" என்றேன்.

"பாத்த ஒடனே பேனாவ கீழ வெச்சிட்டேன் டீச்சர். எல்லாம் எங்க தெரு ஆளுங்க மாதிரியே இருந்தாங்க. எங்க அண்ணன்கூட இருந்தான். பத்துல மூணு பேர நிறுத்திட்டாங்களேன்னு வேற கஷ்டமா போச்சு. அப்பறம் கண்ண மூடிக்கினு, 'மன்னிச்சிடுங்கப்பா, இந்த ஒரு மாசம் மட்டும் அமாவாசைக்கும் நெய்ங்க, இது என் வாழ்க்க பிரச்சின'ன்னு கேட்டுக்கினேன். முப்பதுன்னு போட்டேன். கரெக்ட்தான?"

"கரெக்ட்டுக்கா! முப்பது, அதோட ஒரு..." என்று ஆரம்பித்த நான் அப்படியே நின்றேன்.

பரிட்சையில் நானும் ஏழால்தான் வகுத்தேன், முப்பதுதான் வந்தது. ஒரு மாதம், ஒரு அமாவாசை. என் கை தானாகப் போய் முப்பத்தொன்றில் டிக் அடித்திருந்தது. சேவூர் கணக்குப் புலி! கொசப்பாளையத்தில் இத்தனை மாதம் உட்கார்ந்த பலன். பேய் அறைந்த மாதிரி நின்ற என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இருவரும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பேப்பரில் ரிசல்ட் வந்தபோது அவள் நம்பர் இருந்தது. என் நம்பர் இல்லை. அந்த ஒரு கணக்கால்தான் போனதா என்று யாருக்குத் தெரியும், இங்கிலீஷும் கொஞ்சம் காலை வாரியிருக்கும். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அன்று ராத்திரி அழுதேன். அவளோ என்னைவிட ஆத்திரமாக இருந்தாள். "நீ போட்டதுதான் சரி. கேள்வி எழுதினவன் வீட்டுல தறி இல்ல, அவனுக்கு இன்னா தெரியும்?" என்று அந்த ஆளைப் பிடித்துத் திட்டினாள். அடுத்த முறை எழுதி நானும் வேலைக்குப் போய்விட்டேன், அது வேறு விஷயம். எனக்கு மறுபடி எழுத வயது இருந்தது. அவளுக்கு இல்லை. அதனால் அந்த ஒரு சமயம் நம்பர் மாறி வராததற்கு நான் இன்றைக்கும் சாமியைக் கும்பிடுகிறேன்.

போளூரில் ஒரு அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை போட்டார்கள். அங்கேயே இரண்டு பள்ளிக்கூட டீச்சர்களோடு சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கப்போவதாகச் சொன்னதும் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"எதுக்கு ரூமு?" என்றாள் அண்ணி. "காலையில பஸ் ஏறினா ஆபீசு, சாயங்காலம் ஏறினா வீடு. எத்தினி பேரு போய் வந்துகினு கீறாங்க! தெருவுல இன்னா பேசுவாங்க? அண்ணிக்காரி தொரத்திட்டான்னு பேசுவாங்க. நான் ஒனக்கு இன்னா கொற வெச்சேன்?"

சொல்லும்போதே அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அண்ணன் தறியை நிறுத்திவிட்டு, குழிக்குள் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கொறையும் வெக்கல அண்ணி" என்று அவள் அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் இந்த வீட்டுலயே பொறந்தேன். இங்கேருந்து எங்கயும் போவல. அதனால என்னய யாரும் 'வா'ன்னு கூப்பிட்டதே இல்ல. வெளியேருந்து வந்து வாசல்ல நிக்கறவங்களுக்குத்தான அத சொல்லுவாங்க? எனக்கு அது வேணும் அண்ணி. வாராவாரம் வரேன். நீங்க சொல்லணும்."

அவள் திங்கட்கிழமை ஒரு டிரங்குப் பெட்டியோடு போளூர் பஸ் ஏறினாள்.

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். கையில் ஒரு பை, இன்னொரு கையில் போளூரில் வாங்கிய மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. வழியெல்லாம் ஆபீஸ் கதை. அவள் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு மனு போட்டவரின் குடும்ப விவகாரமும் ஒரே வாரத்தில் அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். உள்ளே போகவில்லை. பையைக் கீழேயும் வைக்கவில்லை.

அண்ணன்தான் முதலில் பார்த்தார். தறியை நிறுத்திவிட்டு, "ஏய், யாரு வந்துகீறாங்க பாரு" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அண்ணி மாவுக் கையோடு வந்தாள்.

"ஏன் அங்கயே நின்னுகினு கீற? உள்ளார வர வேண்டியதுதான?"

அக்கா அசையவில்லை. அண்ணி ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தாள்.

"வாம்மா" என்றாள். "வா, வா, வா! போதுமாடி? இன்னும் சொல்லணுமா?"

"இன்னும் ஒரு தடவ சொல்லுங்க அண்ணி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அக்கா படியேறினாள். கொண்டுவந்து விட்டாயிற்று என்று நான் திரும்பினேன்.

"ஏய், நீ எங்க போற?" என்று அண்ணியின் அதட்டல் கேட்டது. "ஒனக்கு வேற வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா? நீயும் உள்ள வாடி."

நான் செருப்பைக் கழற்றினேன்.